தலைவெள்ளிக்கு வீடு தேடி வரும் நன்மை: மூன்று வருடம் பார்த்ததை எழுதுகிறேன்

அம்மாவுக்கு வயது 84. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, அதற்கப்புறம் கட்டிலும் சக்கர நாற்காலியும்தான் என்று ஆகிவிட்டது. இங்கே தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கும் கத்தோலிக்கப் பங்குக் கோவிலுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு. காலைப் பூசைக்கு அடிக்கும் முதல் மணியும் இரண்டாம் மணியும் அம்மாவுக்குப் படுக்கையிலேயே கேட்கும். ஆனால் அவர் கோவில் படியேறி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த மூன்று வருடமும், கீழே சொல்லப்போகும் சில மாதங்கள் தவிர, தலைவெள்ளிதோறும், அதாவது மாதத்தின் முதல் வெள்ளிதோறும், எங்கள் பங்கிலிருந்து வீட்டுக்கே வந்து நன்மை கொடுக்கிறார்கள். பூசையில் ஆண்டவரின் உடலாக நாங்கள் வாங்கும் அப்பத்தைத்தான் நன்மை என்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பங்குத்தந்தை வந்து பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்கிறார். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலையும் இரண்டு தடவை கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நான் பட்ட பாட்டை இன்னொருவர் படவேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

பெயர் கொடுப்பது சுலபம். பக்கத்து வீடுகள் சேர்ந்த பங்குக் குழுவான அன்பியத்தின் தலைவியிடம் ஒரு வார்த்தை சொன்னேன். மறுநாள் சாயந்திரமே சிஸ்டர் ஒரு கோடு போட்ட நோட்டோடு வந்துவிட்டார். அவர் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கட்டியாகச் சாப்பிட முடிகிறதா, புரை ஏறுமா, எந்தக் காது நன்றாகக் கேட்கும், பல்செட் உண்டா, காலை மாத்திரை எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தார். பல்செட்டைப் பற்றி அதுவரை டாக்டர்கூட என்னிடம் கேட்டதில்லை. நாங்கள் செய்து வைக்க வேண்டியது கொஞ்சம்தான்: கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் வெளுத்த வெள்ளைத்துணி, பாடுபட்ட சுரூபம் என்கிற இயேசுவின் சிலுவை, ஒரு மெழுகுவத்தி, ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு சின்ன ஸ்பூன். டிவியை நிறுத்திவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கிளம்புகிறார்கள். பட்டியலில் இப்போது 23 வீடு. சிஸ்டருக்கு ஒன்பது, மீதி வீடுகள் பங்குத்தந்தைக்கும், நன்மை கொடுக்க அனுமதி பெற்ற பொதுநிலையினர் இரண்டு பேருக்கும். சிஸ்டரின் கழுத்தில் ஒரு சின்னத் துணிப்பை தொங்கும். அதற்குள் பொன்முலாம் பூசிய வட்டச் சிமிழ், குங்குமச் சிமிழைவிடக் கொஞ்சம் அகலம். முதல் மாதம் நான் வாசலிலேயே, "வாங்க சிஸ்டர், என்ன வெயிலு, காப்பி போடட்டுமா" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் பதில் பேசாமல் அந்தப் பையைத் தொட்டுக் காட்டினார். சிமிழில் ஆண்டவர் இருக்கும்போது வழியில் நின்று பேசுவதோ, கடைக்குள் ஏறி இறங்குவதோ கூடாது என்று பின்னால் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து நான் மெழுகுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பேன். அவரைப் பார்த்ததும் முழங்காலிட்டு எழுந்து முன்னால் நடப்பேன். பக்கத்து வீட்டு இந்துப் பெண்மணிகூட அந்த நேரம் வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

உள்ளே வந்ததும் மேசைமேல் ஒரு சின்னத் துகிலை விரித்து அதன்மேல் சிமிழை வைக்கிறார். பாவமன்னிப்பு வேண்டிக்கொள்ளும் செபம், நற்செய்தியிலிருந்து நாலைந்து வரி, அப்புறம் கர்த்தர் கற்பித்த செபம். நான் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று சொல்ல, அம்மா அவருடைய பழக்கத்தில் "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்குவார். சிஸ்டர் அம்மாவோடு சேர்ந்து பழைய செபத்தையே, அம்மா மூச்சு வாங்கும் வேகத்துக்குச் சொல்கிறார். அதன்பிறகு, "ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருள நான் தகுதியற்றவள்." எத்தனை ஆயிரம் தடவை கோவிலில் சொல்லியிருப்பேன். நூற்றுவர் தலைவர் ஒருவர், தன் வீட்டில் முடக்குவாதத்தில் படுத்துக் கிடந்த வேலையாளுக்காகச் சொன்ன வார்த்தை அது. கொடியில் ஈரத்துணி தொங்க, ஃபினாயில் வாடை அடங்காத அந்த அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னபோதுதான், இது படுத்துக் கிடக்கிறவர்களுடைய வீட்டிலிருந்து வந்த செபம் என்று எனக்கு உறைத்தது. அன்றைக்கு என்னால் மீதியைச் சொல்ல முடியவில்லை.

சிஸ்டர் அப்பத்தை முழுதாகக் கொடுப்பதில்லை. கால் பங்காக உடைத்து, ஒரே ஒரு துண்டை நாக்கின் நடுவில் வைக்கிறார். எவ்வளவு சின்னத் துண்டானாலும் அதில் முழு ஆண்டவரும் இருக்கிறார் என்பதுதான் நம் விசுவாசம். உடனே ஒரு ஸ்பூன் தண்ணீர். அப்புறம் காத்திருக்கிறார். இந்தக் காத்திருப்பைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு கையைக் கொடுத்து லேசாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறார். இறங்காவிட்டால் இன்னொரு ஸ்பூன். பிறகு, "பாட்டிம்மா, ஆ காட்டுங்க" என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் சிமிழை மூடுகிறார். விரல் நுனியைத் தம்ளர் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, அந்தத் தண்ணீரை வாசல் செம்பருத்தித் தொட்டியில் ஊற்றச் சொல்வார். அந்தத் தொட்டியில் நான் வேறு எந்தத் தண்ணீரும் கழுவி ஊற்றுவதில்லை. எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு, பதினைந்து நிமிடம்.

இந்தப் பதினைந்து நிமிடத்தின் அருமை எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. ஆபரேஷன் முடிந்ததும் அம்மா சென்னையில் தம்பி வீட்டில் ஆறு மாதம் இருந்தார். அங்கே ஒரு பெரிய பங்கு. அலுவலகத்தில் போய்க் கேட்டபோது முதலில் பங்குக்குப் பணம் கட்டிய சந்தா அட்டையைக் கேட்டார்கள். இரண்டு தடவை நடந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்தார். பாவம், அவருக்கு அன்றைக்கு எத்தனை வீடோ. நின்றபடியே செபம் சொல்லி, முழு அப்பத்தையும் அம்மாவின் நாக்கில் வைத்து, இரண்டு நிமிடத்தில் படியிறங்கிவிட்டார். அம்மாவுக்கு மாத்திரைகளால் எப்போதும் நாக்கு வறண்டு கிடக்கும், பல்செட்டும் கழற்றியிருந்தது. அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் இருமல். கண் பிதுங்க இருமினார். நான் விரலை விட்டு எடுத்துவிட்டேன்.

எடுத்த பிறகுதான் என் உள்ளங்கையில் இருப்பது என்ன என்று புரிந்தது. பாதி ஊறிய அப்பம். அதை என்ன செய்வது? குப்பையில் போட முடியுமா? நான் வாங்கிக்கொள்ளலாமா? நான் பாவசங்கீர்த்தனம் செய்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அலுவலகத்துக்குப் போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு புதுத் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் இட்டு, திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் வைத்து மூடினேன். மூன்றாம் நாள் முழுக்கக் கரைந்து வெறும் கலங்கிய தண்ணீராக இருந்தது. யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த மண்ணில் ஊற்றினேன். ஆண்டவரை நான் அவமதித்துவிட்டேனோ என்ற பயம் மட்டும் போகவே இல்லை. தூத்துக்குடிக்குத் திரும்பி வந்து சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க செஞ்சது சரிதான். திருச்சபையே அப்படித்தான் செய்யச் சொல்லுது. அப்பத்தோட உருவம் இருக்கிற வரைக்கும்தான் அதில் அவருடைய பிரசன்னம்; கரைஞ்சு போனபிறகு மண்ணில ஊத்தலாம்" என்றார். வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் எல்லோரும் இதை முன்னாலேயே தெரிந்து வைத்திருங்கள். அத்தனை மாதம் நான் சுமந்த பயம் யாருக்கும் வேண்டாம்.

கட்டியாக எதையுமே விழுங்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. திரு இரத்தத்தை மட்டும், திராட்சை இரசத்தின் வடிவில் சில துளி கொடுக்கத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்குப் பங்குத்தந்தை பூசை முடிந்த கையோடு மூடி போட்ட சின்னக் குப்பியில் கொண்டுவந்து ஸ்பூனில் கொடுக்கிறார். நீங்கள் கேட்டால்தான் இது நடக்கும். கேளுங்கள்.

அம்மாவோடு எனக்கு வந்த முதல் சண்டை நோன்பு விஷயத்தில். அம்மா கடற்கரை ஊரான மணப்பாட்டில் பிறந்தவர். 1950 வாக்கில் அங்கே புதுநன்மை, அதாவது முதல் நன்மை, வாங்கினார். அப்போதெல்லாம் நன்மை வாங்குகிற நாளில் நள்ளிரவு 12 மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பல் தேய்க்கும்போது ஒரு சொட்டு உள்ளே போய்விட்டதோ என்று வழியெல்லாம் அழுதுகொண்டே பூசைக்குப் போனதை இன்றைக்கும் சொல்வார். 1953-இல் தண்ணீர் தடையில்லை என்றார்கள், 1957-இல் மூன்று மணி நேரம் போதும் என்றார்கள், 1964-இல் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார்கள். அம்மாவின் உடம்பில் மட்டும் அந்த 1950 அப்படியே இருந்தது. சர்க்கரை மாத்திரையும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம், "ஏட்டி, ஆண்டவர் வந்தபிறகு பார்த்துக்கலாம்" என்று வாயை மூடிக்கொள்வார். ஒரு தலைவெள்ளி சிஸ்டர் வர பத்து மணி ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் செருகிவிட்டது. சீனித் தண்ணீர் கொடுத்து மீட்டேன்.

அன்று மாலையே பங்குத்தந்தை வந்து அம்மாவின் வலது காதுப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தண்ணியும் மருந்தும் யாருக்குமே தடையில்லம்மா. வயசானவங்களுக்கும் உடம்பு முடியாதவங்களுக்கும் அவங்களைப் பார்த்துக்கிறவங்களுக்கும் அந்த ஒரு மணி நேரம்கூட வேண்டாம். கஞ்சி குடிச்சிட்டு வாங்குங்க. இது நான் சொல்றதில்ல, திருச்சபைச் சட்டம்." அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சாமி சொன்னாச் சரி" என்றார். அதிலிருந்து தலைவெள்ளியன்று ஆறரைக்குக் கஞ்சி, ஏழு மணிக்கு மாத்திரை.

இதில் இன்னொன்று நடந்தது. "அவங்களைப் பார்த்துக்கிறவங்களுக்கும்" என்று ஃபாதர் சொன்னாரே, அது என் காதில் விழுந்தது. அம்மாவைத் தனியே விட்டுவிட்டு ஞாயிறு பூசைக்குப் போக முடியாமல் ஏழு மாதம் ஆகியிருந்தது. அதைப் பாவம் என்று நினைத்து உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தேன். மறு மாதம் சிஸ்டர் அம்மாவுக்கு நன்மை கொடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு யாரும்மா கொடுக்கிறது?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்காகப் பூசைக்குப் போக முடியாமல் போவது பாவமில்லை என்று சொன்னவர், ஃபாதரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அடுத்த முறை அவர் அம்மாவின் பாவசங்கீர்த்தனத்தை முடித்துவிட்டு அடுக்களைக்கு வந்து, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, குருக்கள் கழுத்தில் போடும் நீளத் துகிலை எடுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்கம்மா" என்றார். அந்த வெள்ளிக்கிழமை சிஸ்டர் உடைத்த இரண்டாவது துண்டு எனக்கு. நோயாளிக்கு நன்மை கொண்டு போகிறவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவரையும் ஒரு பார்வை பாருங்கள். ராத்திரி நாலு தடவை எழுந்து துணி மாற்றியவர் அவர்.

சிஸ்டர் கையால் நன்மை வாங்க அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. பூசை செய்கிற சாமியின் கையால்தான் வாங்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். குருக்கள் அல்லாதவர்களும் தேவைப்படும் இடத்தில் நன்மை கொடுக்கலாம் என்று 1973-இல், ஆறாம் பவுல் திருத்தந்தையாக இருந்தபோது அனுமதி வந்தது. ஆனால் அம்மா தன் நாக்கில் அதுவரை குருவின் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை என்றார். சிஸ்டர் வாதம் செய்யவில்லை. நன்மை கொடுக்காமலே செபம் மட்டும் சொல்லி முடித்து, "நான் ஃபாதரைக் கூட்டிட்டு வாறேன் பாட்டிம்மா" என்று கிளம்பிவிட்டார். அடுத்த மாதம் ஃபாதரும் வந்தார். அவர் பக்கத்தில் நிற்க, சிஸ்டர் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டார். ஒரு கிழவியின் மனதுக்காக இரண்டு பேர் சேர்ந்து வந்தார்களே என்பது எனக்குப் பெரிய விஷயம்.

பாவசங்கீர்த்தனம் பற்றி அதிகம் எழுத எனக்கு உரிமையில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அம்மாவுக்குக் காது மந்தம். ஃபாதர் சத்தமாகப் பேசியே ஆகவேண்டும். அதனால் அவர் வந்ததும் பேரப்பிள்ளைகள் உட்பட எல்லோரையும் தெருவுக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலையும் சாத்திவிட்டுத்தான் உட்காருகிறார். கதவு திறந்து நான் உள்ளே போகும்போது அம்மா ஜெபமாலையை எடுத்துக் கொடுக்கச் சொல்வார், மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லுவார், உடனே தூங்கிவிடுவார். மற்ற நாள் பகலில் அவருக்கு அப்படித் தூக்கம் வருவதில்லை.

எண்ணெய் பூசுதலுக்கு வருகிறேன். முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். முதல் மூன்று நாள் நல்ல நினைவு. பேசினார், இட்லி கேட்டார். ஃபாதரைக் கூப்பிடலாமா என்று நான் கேட்டதற்கு வீட்டில் எல்லோரும், "வேண்டாம், அங்கியைப் பார்த்தா அப்பா பயந்துருவாங்க" என்றார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். ஐந்தாம் நாள் காலை நாலு மணிக்குப் போய்விட்டார். ஃபாதர் ஆறு மணிக்கு ஓடி வந்தார். இறந்தவருக்கான செபத்தைத்தான் அவரால் சொல்ல முடிந்தது. உயிர் பிரிந்தது உறுதியான பிறகு எண்ணெய் பூச முடியாது. அது உயிரோடு இருக்கிறவர்களுக்கான அருளடையாளம். அப்பாவுக்குக் கிடைக்க வேண்டியதை நாங்கள்தான் கிடைக்காமல் செய்தோம்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று அம்மாவைக் கேட்டால் தெரியும். பழைய பெயரே அவஸ்தைப்பூசுதல்; அவஸ்தை என்றால் சாகும் தறுவாய். அம்மாவின் சின்ன வயதில் மணப்பாட்டில் சாமி அவஸ்தைக்குப் போனால் முன்னால் ஒரு பையன் லாந்தரும் கைமணியும் பிடித்துக்கொண்டு நடப்பானாம். மணிச் சத்தம் கேட்டால் எல்லோரும் தெருவுக்கு வந்து மணலில் முழங்காலிடுவார்களாம். அந்த மணி எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ, மறுநாள் அந்த வீட்டில் சாவு. இதைப் பார்த்து வளர்ந்த அம்மாவிடம், ஆபரேஷனுக்கு முந்தின நாள் எங்கள் பங்குத்தந்தை ஆஸ்பத்திரிக்கே வந்து, "எண்ணெய் பூசலாமாம்மா" என்று கேட்டார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "என் கணக்கு முடிஞ்சிட்டா சாமி?"

ஃபாதர் சிரிக்கவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. யாக்கோபு திருமுகத்தை எடுத்து வாசித்தார்: உங்களுள் யாராவது நோயுற்றிருந்தால் திருச்சபையின் மூப்பர்களை அழைத்து வாருங்கள். "செத்துக்கிட்டு இருந்தால்னு போடலம்மா, நோயுற்றிருந்தால்னுதான் போட்டிருக்கு" என்றார். 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்தச் சடங்கைத் திருத்தியதையும், பெரிய ஆபரேஷனுக்கு முன்னாலும், வயதாகி உடம்பு தளர்ந்துபோனாலும் வாங்கலாம் என்பதையும், நோய் திரும்ப வந்தாலோ கூடினாலோ மறுபடியும் வாங்கலாம் என்பதையும் பொறுமையாகச் சொன்னார். முன்பெல்லாம் கண், காது, மூக்கு, வாய், கை என்று ஐம்புலனுக்கும் பூசுவார்களாம். இப்போது நெற்றியிலும் இரண்டு கையிலும்.

முதலில் ஒன்றும் பேசாமல் அம்மாவின் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன உலோகக் குப்பியை எடுத்தார். உள்ளே எண்ணெயில் ஊறிய பஞ்சு. பெரிய வாரத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின வாரத்தில், ஆயர் செபித்து மந்திரிக்கிற ஒலிவ எண்ணெய். கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை வரைந்தார். "கையைக் காட்டுங்கம்மா" என்றதும் அம்மா இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். கல்யாணம் ஆகி வரும்வரை மணப்பாட்டில் பனையோலைப் பெட்டி முடைந்த கை அது. ஓலை கீறிக் கீறிப் பெருவிரலுக்குப் பக்கத்தில் தோல் தடித்து மஞ்சளாக இருக்கும். அத்தனை வருடம் ஆகியும் அது போகவில்லை. அந்தத் தடிப்பின்மேல் எண்ணெய் பளபளவென்று நின்றது. நான் துடைக்கப் போனேன். "துடைக்காத, இருக்கட்டும்" என்றார் அம்மா. அன்று ராத்திரி கையை நெஞ்சின்மேல் குவித்து வைத்துக்கொண்டு தூங்கினார். காலையில் தியேட்டருக்குள் போகும்போது எங்களுக்கு டாட்டா காட்டினார்.

இரண்டாவது முறை போன வருடம் நெஞ்சில் சளி கட்டியபோது. அந்தத் தடவை அம்மாவே, "சாமியக் கூப்பிடு, எண்ணெய் பூசட்டும்" என்றார்.

பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள், உலக நோயாளர் நாள். 1993-இலிருந்து திருச்சபை அதைக் கொண்டாடுகிறது. எங்கள் பங்கில் அன்று நோயாளிகளுக்கென்றே ஒரு பூசை வைத்து, தேவைப்படுகிறவர்களுக்கெல்லாம் எண்ணெய் பூசுகிறார்கள். அன்பியங்கள் வேன் ஏற்பாடு செய்கின்றன. நல்ல ஏற்பாடு, ஆனால் போன தடவை போட்டிருந்தவை கைப்பிடி இல்லாத நாற்காலிகள். எண்பது வயதுக்காரர்கள் எதைப் பிடித்து எழுந்திருப்பார்கள்? சரிவுப் பாதையும் செங்குத்து; சக்கர நாற்காலியைத் தள்ள இரண்டு இளைஞர்கள் வேண்டியிருந்தது. கழிப்பறை கோவிலுக்குப் பின்னால் தூரத்தில். ஒன்றரை மணி நேரப் பூசைக்கு அது பெரிய சிரமம். அம்மாவை அடுத்த வருடம் கூட்டிப்போவேனா என்பது இதைச் சரிசெய்வதைப் பொறுத்தது.

வேறு குறைகளும் உண்டு. பங்குத்தந்தை மாறுதலாகும் சமயத்தில் பட்டியல் கைமாறவில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதம் யாருமே வரவில்லை. அம்மா இரண்டு தலைவெள்ளியும் குளித்துத் தலை வாரி, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு மத்தியானம்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதா டிவியில் பூசை போட்டுக் காட்டினேன். பார்த்தார், ஆனால் "வாயில வைக்க முடியுமா அத" என்று கேட்டார். திருவிழா நாட்களில் தலைவெள்ளி வந்தால் அந்த மாதமும் போச்சு. நேரமும் ஏழரையிலிருந்து பத்தரைவரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். இப்போது சிஸ்டர் முந்தின வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்த வீட்டுப் பிள்ளை யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை அனுப்புகிறார்கள். அது உதவியாக இருக்கிறது. பங்குப் பேரவைக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான்: பட்டியல் ஒருவரின் நோட்டில் மட்டும் இருக்க வேண்டாம், அலுவலகப் பதிவேட்டிலும் ஏற்றி வையுங்கள்.

பணம் ஒரு பைசா கிடையாது. நான் ஒருமுறை கவரில் நூறு ரூபாய் வைத்து நீட்டினேன். "பூசைக்கு எழுதணும்னா அலுவலகத்தில எழுதுங்க. இதுக்கு வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் சிஸ்டர். வசதி இல்லை என்பதற்காக யாருக்கும் அருளடையாளங்கள் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சந்தா பாக்கி என்று யாராவது இழுத்தால் தயங்காமல் நேரே பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது படுத்திருந்தால், அவர்கள் பேசும்போதே, கையை விரித்துக் காட்ட முடியும்போதே ஃபாதரைக் கூப்பிடுங்கள். பயந்துவிடுவார்கள் என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம். அவர்களிடமே கேளுங்கள். என் அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த வருட ஆரம்பத்தில் சிஸ்டர் வீடுகளின் வரிசையை மாற்றினார். எங்கள் வீடு இப்போது ஒன்பதாவது, கடைசி. நன்மை கொடுத்து முடித்துச் சிமிழையும் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்த பிறகு அவர் அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். அம்மா அவரிடம் மணப்பாட்டுச் சிலுவைக் கோவிலையும் குகையையும் பற்றிச் சொன்னதையே மறுபடியும் சொல்லுவார். சிஸ்டர் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார். அவர் செருப்பைப் போடும்போது அம்மா உள்ளிருந்தே குரல் கொடுப்பார்: "சிஸ்டரம்மா, அடுத்த தலைவெள்ளி எத்தனாந் தேதி?" சிஸ்டர் தேதியைச் சொல்வார். நான் காலண்டரில் வட்டம் போடுவேன்.